டேட்டாசெட்டில் மாறிகளை இடம் மாற்றுதல்: ஆர்டர் கட்டளையும் இடைக்கோட்டின் வலையும்

வேலைக்கு எடுத்த கோப்பு மூன்று சுற்றுகளாக நடந்த ஒரு குடும்பக் கணக்கெடுப்பு. மொத்தம் 148 மாறிகள், அதாவது தரவு அட்டவணையின் பத்திகள். மூன்று சுற்றுக் கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, வட்டார விவரக் கோப்பையும் இணைத்து முடித்தபோது மாறிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. குடும்ப எண் முதல் இடத்தில், சுற்று எண் 97-ஆம் இடத்தில், வயது 12-இல், அதிலிருந்து உருவாக்கிய வயதுப்பிரிவு 141-இல். இதை வினாப்பட்டியலின் வரிசைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்த படிகள் கீழே உள்ளன. ஆர், எஸ்.பி.எஸ்.எஸ், சாஸ் என்ற மற்ற மூன்று மென்பொருள்களிலும் இதற்கு என்ன வழி என்பது பின்பகுதியில் வருகிறது.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளையும் மாறிப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது. கணினியில் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பின்னால் ஒரு சுழலில் வரும் _என் மட்டும் பெரிய எழுத்து. ஸ்டேட்டா பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சார்ட் கட்டளை பதிவுகளை, அதாவது மேலிருந்து கீழாக உள்ளவற்றை அடுக்குகிறது. ஆர்டர் கட்டளை மாறிகளை, அதாவது இடமிருந்து வலமாக உள்ளவற்றை நகர்த்துகிறது. ஒன்று செய்வதை மற்றது தொடாது. ஆரிலிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. ஆரில் ஆர்டர் என்ற பெயரில் இருக்கும் சார்பு பதிவுகளின் வரிசையைத்தான் கணக்கிட்டுத் தரும், மாறிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கை வைப்பதற்கு முன் இப்போதைய நிலையைப் பிடித்துவைக்க வேண்டும்:

அன்ஆப் மூலவரிசை : _ஆல்
லோக்கல் எண்ணிக்கை = சி(கே)
சேவ் "முன்.டிடிஏ", ரீப்ளேஸ்

முதல் வரி எல்லா மாறிப் பெயர்களையும் இருக்கும் வரிசையிலேயே ஒரு மேக்ரோவில், அதாவது எழுத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பெயரில், வைக்கிறது. இரண்டாவது வரி மாறிகள் எத்தனை என்பதைக் குறித்துக்கொள்கிறது. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நகல். வரிசை கெட்டுப்போனால் திரும்பி வர ஒரே வரி போதும்:

ஆர்டர் `மூலவரிசை'

இதில் ஒரு பொறி இருக்கிறது. லோக்கல் மேக்ரோ அந்த ஓட்டத்தோடு மறைந்துவிடும். டூ-ஃபைலில் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டு, பிறகு இந்த வரியைத் தனியாக ஓட்டினால் மேக்ரோ காலியாக இருக்கும். ஸ்டேட்டாவுக்குப் போய்ச் சேருவது வெறும் ஆர்டர் என்ற சொல் மட்டுமே. மாறிப் பட்டியல் தேவை என்று பிழை எண் 100 வந்து நிற்கும். பகுதி பகுதியாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் குளோபல் மேக்ரோவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

இனி ஆர்டர். ஆப்ஷன் எதுவும் தராவிட்டால், சொன்ன மாறிகளைச் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கும். சொல்லாதவை பின்னால், தங்களுக்குள் பழைய வரிசை மாறாமல் நிற்கும்.

ஆர்டர் குடும்பம் சுற்று வட்டாரம்

கடைசிக்குத் தள்ள லாஸ்ட் ஆப்ஷன், ஒரு மாறிக்கு முன்னால் வைக்க பிஃபோர், பின்னால் வைக்க ஆஃப்டர்:

ஆர்டர் வயதுப்பிரிவு, ஆஃப்டர்(வயது)
ஆர்டர் _மெர்ஜ் குறிப்பு, லாஸ்ட்

2009-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் இந்த ஆப்ஷன்கள் எல்லாம் ஆர்டருக்குள் சேர்ந்தன. அதற்கு முன் மூவ், ஏஆர்டர் என்று தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. பழைய டூ-ஃபைல்களில் அவை இன்னும் கண்ணில் படும், இன்றும் ஓடும். ஆனால் புதிதாக எழுதும்போது ஆர்டரையே பயன்படுத்துவது நல்லது. மூன்று கட்டளைகள் செய்ததை இந்த ஒன்றே செய்துவிடுகிறது, படிப்பவருக்கும் குழப்பமில்லை.

மாறிகளைக் கும்பலாக நகர்த்த நட்சத்திரக் குறி உதவும். கே என்று தொடங்கும் எல்லா மாறிகளையும் பாலினத்துக்குப் பின் வைக்க இப்படி எழுதலாம்:

ஆர்டர் கே*, ஆஃப்டர்(பாலினம்)

நட்சத்திரம் பெயரைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. கேள்வி மாறிகளோடு "கேட்டதேதி" என்ற மாறியும் சேர்ந்து நகர்ந்துவிடும். ஒற்றை எழுத்துக்கு நிற்கும் கேள்விக்குறியைப் பயன்படுத்தி, கே? கே?? என்று ஓரிலக்கம், ஈரிலக்கம் என்று பிரித்துக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கோப்பில் கே1 முதல் கே12 வரை மனநிலை பற்றிய பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வரிசை கலைந்து கிடந்ததால் அகரவரிசையில் அடுக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்:

ஆர்டர் கே? கே??, ஆல்ஃபபெட்டிக் ஆஃப்டர்(பாலினம்)

ஓட்டியபின், மாறிகளைப் பட்டியலிடும் டிஸ்க்ரைப் கட்டளையைக் கொடுத்தால் தெரிவது இது: கே1, கே10, கே11, கே12, கே2, கே3, கே4, கே5, கே6, கே7, கே8, கே9. அகரவரிசைக்கு 10 என்பது பத்து அல்ல, ஒன்றுக்குப் பின் பூஜ்யம் என்ற இரண்டு எழுத்து. அதனால் 10, 11, 12 மூன்றும் 2-க்கு முன்னால் வந்து நிற்கின்றன. பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு இது முடிந்துவிட்டால் பரவாயில்லை.

அடுத்த வரி மொத்த மதிப்பெண் கணக்கிடுகிறது:

ஈஜென் மொத்தம் = ரோடோட்டல்(கே1-கே12)

ஸ்டேட்டாவில் இடைக்கோட்டுக்கு "1 முதல் 12 வரை எண்ணிட்டவை" என்று பொருள் இல்லை. "கே1 இருக்கும் இடத்திலிருந்து கே12 இருக்கும் இடம் வரை உள்ள எல்லா மாறிகளும்" என்பதே பொருள். மேலே வந்த அகரவரிசையில் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவை கே10, கே11 மட்டும்தான். ஆக, கூட்டப்பட்டவை நான்கே மாறிகள். அதிகபட்சம் 36 வர வேண்டிய மொத்தம் 12-இல் முட்டி நிற்கும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. இன்னொருவர் முதல் ஒன்பது கேள்விகள் போதும் என்று கே1-கே9 என்று எழுதினால் அவருக்குப் பன்னிரண்டும் வந்து சேரும். கே1 ஒரு முனையில், கே9 மறுமுனையில் இருப்பதே காரணம்.

இந்த வேலையில் மனதில் பதிய வேண்டிய இடம் இதுதான். மாறிகளின் வரிசை பார்வைக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். டூ-ஃபைலில் எங்கேயாவது ஓர் இடைக்கோடு இருக்கும்வரை வரிசையும் தரவின் ஒரு பகுதி. ஆர்டர் ஒரு மதிப்பைக்கூட மாற்றுவதில்லை என்பது உண்மைதான். அடுத்து வரும் கட்டளை எந்த மதிப்புகளை எடுத்துக்கொள்ளும் என்பதை அது மாற்றிவிடும்.

சரியான ஆப்ஷன் சீக்வென்ஷியல். பெயரின் இறுதியில் உள்ள எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கும்:

ஆர்டர் கே? கே??, சீக்வென்ஷியல் ஆஃப்டர்(பாலினம்)

ஆல்ஃபபெட்டிக், சீக்வென்ஷியல் இரண்டையும் தனியாகக் கொடுத்தால் மாறிகளை அடுக்கி முன்னால் கொண்டுபோய் வைக்கும். ஆஃப்டர், பிஃபோர், லாஸ்ட் இவற்றில் ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தால் அடுக்குவது மட்டும் முதலாவதின் பொறுப்பு, எங்கே வைப்பது என்பதை இரண்டாவது முடிவுசெய்யும். கோப்பு முழுவதையும் அகரவரிசைப்படுத்த வேண்டுமானால் மாறிப் பட்டியலாக _ஆல் என்று கட்டாயம் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்துப் பெயர்களுக்கு முன் போய்விடும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலை வேரோடு பிடுங்க இன்னொரு வழி, எண்களுக்கு முன் பூஜ்யம் சேர்த்துப் பெயரை மாற்றுவது:

ரீநேம் கே# கே(##)

இதன்பின் கே01, கே02 ... கே12 என்று ஆகிவிடும். எந்த மென்பொருளில் எந்த முறையில் அடுக்கினாலும் வரிசை ஒன்றாகவே வரும். பல மென்பொருள்களுக்கு இடையே கோப்பு போய்வரும் வேலையானால் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது சிறந்தது. பழைய பெயரை நம்பி எழுதிய டூ-ஃபைல்கள் நிறைய இருந்தால் வேண்டாம், சீக்வென்ஷியலோடு நின்றுகொள்ளுங்கள்.

அதே பள்ளத்தின் இன்னொரு வடிவம் ரீஷேப். நீள வடிவில் (சுற்றுக்கு ஒரு பதிவு) வருமானம், செலவு, சுற்று என்று இருந்ததை அகல வடிவுக்கு (குடும்பத்துக்கு ஒரு பதிவு) மாற்றினால் மாறிகள் சுற்றுவாரியாகப் பின்னிக்கொண்டு வரும்: வருமானம்1, செலவு1, வருமானம்2, செலவு2, வருமானம்3, செலவு3. இப்போது மூன்று சுற்று வருமானத்தைக் கூட்ட ரோடோட்டல்(வருமானம்1-வருமானம்3) என்று எழுதினால் நடுவில் உட்கார்ந்திருக்கும் செலவு1, செலவு2 இரண்டும் கூட்டலில் சேரும். இடையில் எழுத்து மாறி ஏதாவது சிக்கியிருந்தால் கட்டளை பிழையோடு நின்று நம்மைக் காப்பாற்றியிருக்கும். எண் மாறி சிக்கினால் சத்தமே கேட்காது. வருமானம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

ரீஷேப் முடிந்த கையோடு இதைச் செய்துவிட வேண்டும்:

ஆர்டர் வருமானம்? செலவு?, ஆஃப்டர்(வட்டாரம்)

நட்சத்திரமும் கேள்விக்குறியும் விரியும்போது கோப்பில் உள்ள வரிசையிலேயே விரியும். வருமானம்1, 2, 3 ஏற்கெனவே சரியான முன்பின் வரிசையில் இருப்பதால் பின்னல் அவிழ்ந்து இரண்டு தொகுதிகளாகப் பிரிந்துவிடும். கூட்டலிலும் இடைக்கோட்டைத் தவிர்த்து ரோடோட்டல்(வருமானம்?) என்றே எழுதுங்கள். அது இடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்க்கும்.

சிலருக்கு வேண்டியது நேர்மாறு. தனித்தனித் தொகுதிகளாக இருப்பதைச் சுற்றுவாரியாகப் பின்ன வேண்டும். சுழலில் எழுதும்போது திசையைக் கவனிக்க வேண்டும்:

ஃபார்வேல்யூஸ் எஸ் = 1/3 {
    ஆர்டர் வருமானம்`எஸ்' செலவு`எஸ்', லாஸ்ட்
}

லாஸ்ட் என்பதை விட்டுவிட்டால் ஒவ்வொரு சுழற்சியும் தன் மாறிகளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். முதலில் 1 முன்னால் போகும், பிறகு 2 அதற்கும் முன்னால், பிறகு 3. முடிவில் 3, 2, 1 என்று தலைகீழாக நிற்கும். சுழலுக்குள் ஆர்டர் வந்தால் லாஸ்ட் போடுங்கள், இல்லையானால் சுழலை 3-லிருந்து 1-க்கு ஓட்டுங்கள். ஆஃப்டர் போட்டாலும் இதே கதைதான். ஒரே மாறிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் செருகினால் கடைசியில் செருகியது முதலில் நிற்கும்.

148 மாறிகளையும் கையால் தட்டச்சு செய்வது வீண்வேலை. வினாப்பட்டியலின் வரிசை ஓர் எக்செல் கோப்பில் இருந்தது. வரிசைஎண் என்று ஒரு பத்தி, பெயர் என்று ஒரு பத்தி. 2019-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து ஃபிரேம் வசதி இருப்பதால் முதன்மைத் தரவை மூடாமலே அந்தப் பட்டியலைப் பக்கத்தில் திறந்துகொள்ளலாம்:

ஃபிரேம் கிரியேட் பட்டியல்
சி.டபிள்யூ.எஃப் பட்டியல்
இம்போர்ட் எக்செல் "வினாவரிசை.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்", ஃபர்ஸ்ட்ரோ
சார்ட் வரிசைஎண்
லோக்கல் வினா
ஃபார்வேல்யூஸ் ஐ = 1/`=_என்' {
    லோக்கல் ஒன்று = பெயர்[`ஐ']
    லோக்கல் வினா `வினா' `ஒன்று'
}
சி.டபிள்யூ.எஃப் டிஃபால்ட்

பெயர்களைச் சேகரிக்க, ஒரு மாறியில் உள்ள வெவ்வேறு மதிப்புகளைப் பட்டியலிடும் லெவல்ஸ்ஆஃப் இருக்கும்போது எதற்கு இந்தச் சுழல் என்று தோன்றலாம். லெவல்ஸ்ஆஃப் தரும் பட்டியல் எப்போதும் அகரவரிசையில்தான் வரும். எந்த வரிசைக்காக எக்செல் கோப்பைத் திறந்தோமோ அதையே அது கலைத்துவிடும். ஒவ்வொரு பதிவாகப் படித்து மேக்ரோவின் வாலில் சேர்ப்பதுதான் வரிசையைக் காப்பாற்றும் வழி.

சார்ட் செய்யும் முன் வரிசைஎண் பத்தி எண்ணாக வந்திருக்கிறதா என்று டிஸ்க்ரைப் போட்டுப் பாருங்கள். எக்செலில் ஒரே ஒரு கட்டத்தில் "12அ" என்று இருந்தாலும் பத்தி முழுவதும் எழுத்தாக இறங்கிவிடும். அப்போது 1, 10, 11, 2 என்ற பழைய தொல்லை வேறு வாசல் வழியாக உள்ளே வரும். "12அ"-வை எக்செலிலேயே 12.5 என்று மாற்றிவிட்டு மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

இப்போது நேராக ஆர்டர் `வினா' என்று ஓட்டினால் பெரும்பாலும் நிற்காமல் போகாது. வினாப்பட்டியலில் இருந்து, தரவில் இல்லாமல் போன மாறி ஒன்றாவது இருக்கும். பிழை எண் 111, மாறி காணவில்லை. கட்டளை முழுவதும் நின்றுவிடும், பாதி வரிசை மாறி பாதி மாறாமல் இருப்பது நடக்காது. மேக்ரோப் பட்டியல் கணக்கு இங்கே கைகொடுக்கும்:

அன்ஆப் இப்போது : _ஆல்
லோக்கல் இல்லாதவை : லிஸ்ட் வினா - இப்போது
லோக்கல் கூடுதல் : லிஸ்ட் இப்போது - வினா
லோக்கல் உள்ளவை : லிஸ்ட் வினா & இப்போது
டிஸ்ப்ளே "`இல்லாதவை'"
டிஸ்ப்ளே "`கூடுதல்'"
ஆர்டர் `உள்ளவை'

வெட்டுப் பட்டியல் எடுக்கும்போது முதலில் எழுதிய பட்டியலின் வரிசைதான் நிலைக்கும். வினா & இப்போது என்று எழுத வேண்டும். திருப்பி இப்போது & வினா என்று எழுதினால் கோப்பின் பழைய வரிசையே திரும்பக் கிடைக்கும், ஓட்டியும் எதுவும் மாறாதது போலிருக்கும்.

இல்லாதவை, கூடுதல் என்ற இரண்டு பட்டியல்களையும் அலட்சியப்படுத்த வேண்டாம். இல்லாதவையில் "வட்டாரம்" இருந்து, கூடுதலிலும் "வட்டாரம்" இருப்பது போலத் தெரிந்தால், ஒன்றில் முதல் எழுத்து பெரியது, மற்றதில் சிறியது என்று பொருள். எக்செலில் பெயர்களை அடிக்கும்போது முதல் எழுத்து பெரிதாகிவிடுவது உண்டு. ஒட்டலும் இணைப்பும் சரியாக நடந்திருக்கிறதா என்பதற்கே இந்த இரண்டு பட்டியல்கள் நல்ல சோதனை.

எந்தக் கட்டத்தில் வரிசை மாற்றுவது என்பதும் முக்கியம். அப்பெண்ட் செய்தால், முதல் கோப்பில் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் உள்ள மாறிகள் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். மெர்ஜ் செய்தால் இணைக்கும் கோப்பின் மாறிகள் கடைசியில், அவற்றுக்கும் பின்னால் _மெர்ஜ். ஜெனரேட், ஈஜென், என்கோட் எல்லாமே புதிய மாறியைக் கடைசியில்தான் போடும். அதனால் ஒட்டல், இணைப்பு, வடிவ மாற்றம் மூன்றும் முடிந்தபின், பகுப்பாய்வு தொடங்கும் முன், ஒரே இடத்தில் ஒரே தடவை ஆர்டர் செய்வது நல்லது. டூ-ஃபைலின் பல இடங்களில் தூவி வைத்தால், எந்த வரியில் எந்த வரிசை இருந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்து மாறியை எண் மாறியாக்கி, பழையதின் இடத்திலேயே புதியதை உட்கார வைக்கும்போது உடனே செய்துவிட வேண்டும்:

என்கோட் பாலினம், ஜென்(பாலினஎண்)
ஆர்டர் பாலினஎண், ஆஃப்டர்(பாலினம்)
டிராப் பாலினம்
ரீநேம் பாலினஎண் பாலினம்

டிராப்பை முதலில் செய்துவிட்டால் எங்கே வைப்பது என்பதற்கான அடையாளமே போய்விடும்.

வரிசை மாறினால் பாதிக்கப்படுவது இடைக்கோடு மட்டும்தானா? இல்லை. தொடர்புப்போக்கு மாதிரியைக் கணக்கிடும் ரிக்ரஸ் கட்டளையில் எக்ஸ்* என்று எழுதியிருந்து, அந்த மாறிகளில் ஒன்று மற்றவற்றின் கூட்டலாக இருந்தால், ஸ்டேட்டா ஏதோ ஒன்றை நீக்கியாக வேண்டும். எதை நீக்கும் என்பது மாறிகள் வந்த வரிசையைப் பொறுத்தது. ஆர்டர் செய்தபின் அதே மாதிரியில் வேறொரு மாறி நீங்கி, கெழுக்களின் அட்டவணை வேறாகத் தெரியலாம். எம்.கே.மேட் கொண்டு அணி உருவாக்கினாலும், ஸ்டேட்டாவுக்குள் இருக்கும் அணிக்கணக்கு மொழியான மேட்டாவில் மாறியைப் பெயரால் அழைக்காமல் மூன்றாவது, நான்காவது என்று இட எண்ணால் அழைத்தாலும் இதே நிலைதான். இட எண்ணால் எழுதிய வரிகளைப் பெயரால் எழுதியதாக மாற்றிவிட்டுத்தான் வரிசையில் கை வைக்க வேண்டும்.

திரையில் மாறிகள் சாளரத்தின் தலைப்பைச் சொடுக்கினால் பெயர்கள் அகரவரிசையில் மாறுவதைப் பார்த்து, கோப்பின் வரிசையே மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். மாறுவது காட்சி மட்டுமே. கோப்பில் உண்மையில் உள்ள வரிசையை அறிய டிஸ்க்ரைப் அல்லது டி.எஸ் போட்டுப் பாருங்கள்.

மற்ற மென்பொருள்களில் இதே வேலை எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஆரில் டிப்ளையர் தொகுப்பின் ரீலொகேட் சார்பு ஸ்டேட்டாவின் ஆர்டருக்கு மிக நெருக்கம். 2020-இல் வந்த 1.0.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் முன்னால் கொண்டுவரும், புள்ளியோடு தொடங்கும் .பிஃபோர், .ஆஃப்டர் என்ற வாதங்கள் இடத்தைச் சொல்லும். விடையை மறுபடி அதே பெயருக்கு ஒதுக்க மறந்தால் எதுவும் மாறியிருக்காது. டேட்டா.டேபிள் தொகுப்பின் செட்கால்ஆர்டர் அப்படியில்லை, இருக்கும் இடத்திலேயே மாற்றிவிடும். அடிப்படை ஆரில் சதுர அடைப்புக்குள் பெயர்களைக் கொடுத்து எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கொடுத்த பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். மற்றவற்றையும் செட்டிஃப் கொண்டு பின்னால் சேர்க்காவிட்டால் 148 மாறிகள் மூன்றாகிவிடும். செலக்ட் சார்புக்குள் கே1:கே12 என்று முக்காற்புள்ளி போட்டால் அதுவும் இடத்தைத்தான் பார்க்கும், எண்ணை அல்ல.

எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் வழக்கமான வழி மேட்ச் ஃபைல்ஸ்:

மேட்ச் ஃபைல்ஸ் ஃபைல்=* /கீப்=குடும்பம் சுற்று வட்டாரம் ஆல்.
எக்ஸிகியூட்.

வரியின் கடைசியில் உள்ள ஆல் என்ற சொல்தான் உயிர்நாடி. அது விடுபட்டால் சொன்ன மூன்றைத் தவிர எல்லாம் போய்விடும். பெயர்வாரியாக அடுக்க சார்ட் வேரியபிள்ஸ் என்ற தனிக் கட்டளை உண்டு. கே1 டு கே12 என்பதில் வரும் டு, ஏற்கெனவே உள்ள மாறிகளுக்கு, ஸ்டேட்டாவின் இடைக்கோட்டைப் போலவே கோப்பில் உள்ள இடத்தைத்தான் நம்பும்.

சாஸ் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒற்றை இடைக்கோடு போட்டால் எண்வரிசை, இரட்டை இடைக்கோடு போட்டால் இடவரிசை. இரண்டுக்கும் வெவ்வேறு குறி வைத்தது நல்ல முடிவு, பல தவறுகளை அது முன்கூட்டியே தடுக்கிறது. அங்கே மாறிகளை முன்னால் கொண்டுவர, டேட்டா படியில் செட் வரிக்கு முன்னால் ரீட்டெய்ன் வரியில் பெயர்களை எழுதுவார்கள். செட்டுக்குப் பின்னால் எழுதினால் வேலை செய்யாது. அந்தப் படியிலேயே புதிதாகக் கணக்கிடும் மாறியை ரீட்டெய்ன் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மேலே உள்ள பதிவின் மதிப்பு அழியாமல் கீழே உள்ள பதிவுக்குக் கசிந்துவிடும்.

இனி சரிபார்ப்பு. ஆர்டர் முடிந்ததும் கோப்பை மேலெழுதும் முன் இரண்டு வரிகள்:

அசெர்ட் சி(கே) == `எண்ணிக்கை'
சி.எஃப் _ஆல் யூசிங் "முன்.டிடிஏ", வெர்போஸ்

சி.எஃப் மாறிகளைப் பெயரால் ஒப்பிடுகிறது. மாறிகளின் வரிசை வேறாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, எல்லா மாறிக்கும் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அது பார்ப்பது நினைவகத்தில் இப்போது இருக்கும் மாறிகளை மட்டுமே. வழியில் ஒரு மாறி டிராப் ஆகியிருந்தால் மிச்சம் உள்ளவை பொருந்துகின்றன என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதனால்தான் எண்ணிக்கைக்குத் தனியாக ஓர் அசெர்ட் வரி, சொன்னது பொய்யானால் அது பிழையோடு நின்றுவிடும். என்கோட் செய்து மாற்றிய பாலினம் போன்ற மாறிகள் இருந்தால், "முன்.டிடிஏ" நகலை அந்த மாற்றங்களுக்குப் பிறகு, ஆர்டருக்குச் சற்று முன் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் சார்ட் செய்திருந்தால் பதிவுகளின் வரிசை மாறி, எல்லாமே பொருந்தவில்லை என்று சி.எஃப் சொல்லும். அப்போது இரண்டு கோப்புகளையும் குடும்பம், சுற்று இரண்டாலும் சார்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணுக்கும் ஒரு காவல் வரி:

அன்ஆப் கேள்விகள் : கே? கே??
அசெர்ட் `: வேர்ட் கவுண்ட் `கேள்விகள்'' == 12
ஈஜென் மொத்தம் = ரோடோட்டல்(`கேள்விகள்')
அசெர்ட் மொத்தம் <= 36

மேல் எல்லையைத் தாண்டாமல் குறைவாக வந்த மொத்தத்தை நான்காவது வரி பிடிக்காது. 12-இல் முட்டி நின்ற அந்தத் தவறான மொத்தம் அதைச் சுலபமாகக் கடந்து போயிருக்கும். அதைப் பிடிப்பது எண்ணிக்கையைப் பார்க்கும் இரண்டாவது வரிதான்.

டூ-ஃபைலில் இடைக்கோடு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் டிராப், ரீகோட், ஈஜென், ஃபார்ஈச் வரிகளில் சிக்கும். கழித்தல் குறியும் அதே எழுத்து என்பதால் தேடல் கொஞ்சம் சலிப்பூட்டும், இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரீகோட்டில் இருப்பதை முதலில் மாற்றுங்கள், அது மதிப்புகளையே மாற்றி எழுதும் கட்டளை. டிராப்பில் இருப்பதை அடுத்து.

கோப்பு வெளியே போகிறது என்றால் ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். எக்ஸ்போர்ட் டெலிமிட்டட் இப்போதுள்ள வரிசையிலேயே பத்திகளை எழுதும். எம்பிளஸ் போன்ற மென்பொருள் தரவுக் கோப்பில் பெயர் வரியை எதிர்பார்ப்பதில்லை. நேம்ஸ் வரியில் நாம் கொடுக்கும் பட்டியலை இடவாரியாகப் பொருத்திக்கொள்ளும். ஸ்டேட்டாவில் ஆர்டர் செய்துவிட்டு அங்கே பழைய நேம்ஸ் வரியை விட்டுவைத்தால், வயது என்ற பெயரில் வட்டாரக் குறியீடு ஓடும். ஏற்றுமதி செய்யும் அதே டூ-ஃபைலில் அன்ஆப் எடுத்து, அந்தப் பட்டியலை டிஸ்ப்ளே செய்து, அப்படியே நகலெடுத்து நேம்ஸ் வரியில் ஒட்டுங்கள்.